எச்.எம். அம்மாவின் விடிகாலை போன்

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால் முதலில் என்னிடம்தான் வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாற்றலுக்கு அலையாமல் ஒரே இடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான். பெயர் பிரபா. கல்லுமேட்டில் ‘கணக்கு மிஸ்’ என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும், கொஞ்சம் பயந்துகொண்டே காட்டும்.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போனால் கல்லுமேடு. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பும் குப்பமும், இன்னொரு பக்கம் வயலும் காலனியும், நடுவில் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகளின் வீட்டில் கடலுக்குப் போவார்கள், சிற்பப் பட்டறையில் கல் செதுக்குவார்கள், ரிசார்ட்டில் அறை பெருக்குவார்கள். பத்தாம் வகுப்பு பாஸ் என்பது பல வீடுகளில் அதுவரை யாரும் செய்து பார்க்காத காரியம்.

தலைமையாசிரியர் மாறினால் பிள்ளைகளின் மார்க் மாறுமா என்று பயிற்சி வகுப்புகளில் எங்களை உட்காரவைத்துத் திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். வட்டம் வட்டமாக வரும், வட்டத்துக்கு வட்டம் அம்பு பாயும். எனக்குக் கொட்டாவி வரும். அமிர்தவல்லி மேடத்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த வட்டத்தையெல்லாம் அழித்துவிட்டு அவர் போட்டோவை ஒட்டியிருப்பார்கள்.

அவருக்கு முன் இருந்த எச்.எம். நல்ல மனிதர். யாருக்கும் தொந்தரவு தர மாட்டார். பிரேயர் முடிந்தபின் வருவார், மதியச் சாப்பாடு முடிந்ததும் வருகிற பஸ்ஸில் போய்விடுவார். பத்தாவதில் பாதிப் பேர் தேறினால் பெரிய விஷயம். நாங்களும் அதற்குப் பழகிப்போயிருந்தோம். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும் என்று ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த பீரியடுக்குப் போவோம்.

அமிர்தவல்லி மேடம் வந்தபோது அதே ஆசிரியர்கள், அதே ஒழுகுகிற கூரை, அதே பிள்ளைகள். மாறியது அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்த ஆள் மட்டும்தான். அவரும் நாற்காலியில் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, வேகமான நடை. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகி, ஒரு போகம் முழுக்க நாற்று நட்டுவிட்டு, மறுபடி எழுதித் தேறியவர். அதைப் பிரேயரிலேயே சொல்வார். “நானே கணக்குல ஃபெயிலு. இன்னிக்கு கணக்கு மிஸ்ஸுக்கே சம்பள பில்லுல கையெழுத்து போடறேன்” என்பார். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அந்த வருஷம்தான் கடைசி பெஞ்சுக்காரர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள்.

தேறாது என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். ‘ஐ.டி.ஐ.யில சேர்த்துடுங்க, நல்லா வருவான்’ என்று இனிக்கப் பேசிக் கழித்துவிட்டால் நூறு சதவீதம் தானாக வந்துவிடும். மேடம் ஒரு பிள்ளையையும் அனுப்பவில்லை. மாவட்ட ரிவ்யூ மீட்டிங்கில் எழுப்பி நிற்கவைத்து, “நூறு வராததுக்கு என்ன காரணம்?” என்று கேட்டிருக்கிறார்கள். “யாரையும் வெளிய அனுப்பாததுதான் சார்” என்றிருக்கிறார். அதற்கு மேல் அவரை உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டார்களாம்.

இப்போது அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்ததும் மேடம் ஆரம்பிப்பார். விடிகாலை ஐந்து மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவர் கையால் ஒரு போன் போகும். ஆறு மணிக்கு முடியும். இந்தப் பக்கத்தில் பல பள்ளிகளில் இது உண்டு. மற்ற இடங்களில் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போர்த்திக்கொள்வார்கள். மேடத்திடம் அது நடக்காது. படுத்துக்கொண்டே பேசுகிற குரலும் உட்கார்ந்து பேசுகிற குரலும் வேறு வேறு என்பார். “தண்ணி ஊத்தி மூஞ்சி கழுவு, எனக்குச் சத்தம் கேக்கணும்” என்பார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருப்பார்.

எந்த வீட்டில் போன் அப்பன் தலைமாட்டில் இருக்கும், எந்த வீட்டில் சார்ஜ் இருக்காது, யாருக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி எழுப்ப வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுமரமும் ஃபைபர் படகும் கிளம்பிப் போன பிறகுதான் கூப்பிடுவார். அதற்கு முன் கூப்பிட்டால் வீட்டில் இருக்கிற கலவரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். முதல் வருஷம் பெற்றோர்கள் சண்டைக்கே வந்தார்கள். “இன்னாம்மா, கோழி கூவுறதுக்கு மின்னாடி நீ கூவுற” என்று ஒருவர் பள்ளிக்கூட வாசலில் கத்தினார். மறுவருஷம் அதே ஆள் இரண்டாவது மகனுக்கும் போன் வரும்தானே என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரிசல்ட் ஏறியது. ஒரே தாவலாக இல்லை, வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக. போன வருஷம் எங்கள் பள்ளியில் தேறாதவர்கள் மொத்தமே மூன்று பேர்.

மேடத்தின் கணவர் கோதண்டராமன். மறைமலைநகரில் ஒரு மோட்டார் பாகங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஷிஃப்ட். விடிவதற்கு முன் எழுந்து டீ போட்டு, போனில் இருக்கிற மனைவியின் பக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, கையை மட்டும் ஆட்டிவிட்டுச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். ஜனவரி வந்தால் அந்த வீட்டில் காலைப் பேச்சு கிடையாது. “அஞ்சுலருந்து ஆறு வரைக்கும் என் பொண்டாட்டி கவர்மெண்ட் சொத்தும்மா, நான் கை வைக்க முடியாது” என்று ஆண்டு விழாவில் என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். அந்த மாதிரிச் சிரிக்கிற ஆண்கள் எங்கள் சொந்தத்தில் யாரும் இல்லை.

இந்த வருஷப் பத்தாம் வகுப்பில் ஜெனிஃபர் என்று ஒரு பெண். காலனியிலிருந்து வருகிறவள். அப்பா ஏசுபாதம் லாரி விபத்தில் போய்விட்டார். அம்மா செங்கம்மாள் ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலை. ஜெனிஃபருக்குத் தமிழ் நன்றாக வரும், கணக்கு வராது, தூக்கம் மட்டும் பிரமாதமாக வரும். மூன்று முறை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாள். ஒருநாள் படுத்தபடியே ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்குத் தண்ணீர் ஊற்றி மேடத்துக்குச் சத்தம் காட்டியிருக்கிறாள். செங்கம்மாளே மறுநாள் வந்து போட்டுக்கொடுத்துவிட்டாள். மேடம் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். “இவ்வளவு மூளை இருக்குது, இவளுக்கா கணக்கு வராது? பிரபா, இவ பாஸாகணும். மத்தவங்க எல்லாரும் பாஸாகி இவ விட்டுட்டான்னா நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார். பொதுத்தேர்வுக்கு முந்தைய திருப்புதல் தேர்வில் ஜெனிஃபர் என் பேப்பரில் நாற்பத்தைந்து வாங்கினாள். அதை அவளைவிட மேடம்தான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மார்ச் மாதம், பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையும் கோதண்டராமன் டம்ளரை வைத்துவிட்டுக் கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் டீக்கடை வைத்திருக்கிற மணி பிறகு எங்களிடம் சொன்னதுதான் மீதி.

“சாரு வந்து பெஞ்சுல குந்துனாருங்க. ‘கேஸ் ட்ரபிள் மாதிரி கீது மணி, ஒரு சோடா குடு’ன்னாரு. வேர்வைன்னா வேர்வை, சட்டையெல்லாம் நனைஞ்சி பூட்ச்சி. வூட்டுக்குப் போன் போடட்டா சார்னு கேட்டேன். ‘வோணாம்பா. அம்மா இப்ப பசங்கள எழுப்பிகினு இருப்பாங்க. ஆறு மணி ஆவட்டும், நானே பேசறேன்’னாரு. ஆட்டோ இட்டாரட்டான்னேன். வாயுவுக்கெல்லாம் எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானாடான்னு சிரிச்சாருங்க. அவுரு ஏற வேண்டிய வண்டி வந்துச்சி, போச்சி. அவுரு எழுந்துக்கவே இல்ல.”

அரசு மருத்துவமனை ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து ஆறு மணிக்காகக் காத்திருந்தார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது. பிள்ளைகளின் நேரத்தில் அவர் கை வைக்க மாட்டார்.

ஆறு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டார். மேடம் எடுத்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, “எல்லாரும் எழுந்துட்டாங்களா?” என்பதுதான். அதற்குப் பிறகுதான், “கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வரியா” என்றார். மேடம் போய்ச் சேர்ந்தபோது மணியும் இன்னொருவரும் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் மடியில் தலை வைத்தபடி, மருத்துவமனை வாசலுக்குள் நுழைவதற்குள் போய்விட்டார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, ஆனாலும் அந்த டாக்டரின் வாயை அடைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

சாவு வீட்டுக்குப் பத்தாம் வகுப்பு முழுக்க வேன் பிடித்து வந்திருந்தது. யூனிஃபார்மில் வரிசையாக நின்றார்கள். மேடம் தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அளந்து பேசுகிறவர் வாயில் அன்று அவருடைய ஊர்ப் பேச்சு ஒப்பாரியாக வந்தது. எங்கள் பக்கத்து ஒப்பாரி எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எமனைத் திட்டுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், செத்தவரையே திட்டுவார்கள். காரியம் முடிந்தபின் யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை. அழுகையில் வந்தது அழுகையோடு போய்விடும், அதுதான் முறை.

மேடம் அன்று ஆட்டோவைத் திட்டினார், சோடாவைத் திட்டினார், தன்னைத் திட்டிக்கொண்டார். அப்புறம் மார்பில் அடித்துக்கொண்டு, “அடி ஜெனிஃபரு, மூணு தபா போன் அடிச்சேனே உனக்கு! நீ மொத தபாவே எழுந்திருந்தா என் ராசா பொழைச்சி இருப்பாரேடி!” என்று அழுதார்.

சுற்றி இருந்த பெண்களுக்கு ஜெனிஃபர் யார் என்றே தெரியாது. அவர்கள் அடுத்த அடியை எடுத்துப் பாடினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் அங்கே இல்லை. வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். “அழுவுறப்ப சொல்றதுடி, மனசுல வச்சிக்காத” என்றேன். தலையை ஆட்டினாள். பதினைந்து வயசுப் பெண், அவளுக்குத் தெரிந்த ஒப்பாரி அவள் அப்பாவின் சாவில் கேட்டது மட்டும்தான்.

மகன் ஜெயக்குமார் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். கொள்ளி வைத்துவிட்டு வந்தவன் அம்மாவின் போனைக் கையில் எடுத்தான். “இந்தக் கருமம்தான் அப்பாவைக் கொன்னுச்சு” என்றான். போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். மேடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை.

பள்ளியில் பன்னீர்செல்வம் சார் பொறுப்பு எச்.எம். ஆனார். மேடம் விட்ட வேலையை நாம் விடக் கூடாது என்று நாங்கள் பிள்ளைகளைப் பங்கு போட்டுக்கொண்டு விடிகாலையில் கூப்பிட்டோம். எல்லாரும் உடனே எடுத்தார்கள். “எழுந்துட்டேன் மிஸ்” என்றார்கள். தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்டது. பிறகு மறுபடி படுத்துவிட்டார்கள் என்பது மதிய வகுப்பில் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போன் அதேதான், நேரமும் அதேதான். நாங்கள் மேடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் கூப்பிட்டால் அவருக்கு நாம் பாஸாவது முக்கியம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நாங்கள் கூப்பிட்டால் ரிசல்ட் முக்கியம் என்று தெரியும்.

என் பங்கில் ஜெனிஃபர் இருந்தாள். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். ஒரு நாள் அல்ல, தினமும். குரலில் தூக்கமே இல்லை. மேடம் மூன்று முறை கூப்பிட்டு எழுப்பிய பெண்ணை நான் ஒரே ரிங்கில் எழுப்புகிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கணக்குத் தேர்வு அன்று மேடம் வந்தார். காரியம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் பள்ளியிலேயே தேர்வு மையம். ஒவ்வொரு வருஷமும் தேர்வு நாட்களில் அவர் கேட்டில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து உள்ளே அனுப்புவார். அன்று கேட்டில் அவர் இல்லை. தேடிக்கொண்டு போனால் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், விறகு அடுக்கின இடத்தில், நெற்றியில் பொட்டு இல்லாமல் நின்றிருந்தார்.

“இங்க என்ன மேடம் பண்றீங்க? பசங்க உங்களைத்தான் தேடுறாங்க.”

“பரீட்சைக்குப் போற பிள்ளைங்க எதிர்ல நான் வரக் கூடாது பிரபா.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “நீங்களா இதை நம்புறீங்க?”

“நான் நம்பல. அவங்க வூட்ல நம்புவாங்க இல்ல. நாளைக்கு ஒரு பிள்ள ஃபெயிலாச்சுன்னா, அந்தம்மா மூஞ்சில முழிச்சிட்டுப் போனேன்னு சொல்லிக்குமே. அந்தப் பிள்ளைக்கு அந்தச் சாக்கை நான் குடுக்கலாமா?”

நான் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பெல் அடித்தது. கேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் உள்ளே போனார்கள். கடைசியாகப் போனவள் ஜெனிஃபர்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தோம். வகுப்பில் கால்வாசிப் பேர் தேறவில்லை. ஒரே வருஷத்தில் இத்தனை வருஷ ஏற்றமும் கீழே வந்துவிட்டது. மாவட்டத்திலிருந்து போன் வந்தது, பன்னீர்செல்வம் சார் நின்றுகொண்டே பேசினார். ஜெனிஃபர் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். கணக்கில் ஒன்பது மார்க்.

“ஒன்பதா?” என்று ரிசல்ட் பார்க்க வந்திருந்த மேடம் கேட்டார். “நாப்பத்தஞ்சு வாங்கின பொண்ணு, ஒன்பதா? நீ தினமும் எழுப்பின இல்ல?”

“மொத ரிங்ல எடுப்பா மேடம்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “ஜெனிஃபரா? மொத ரிங்லயா?” பையை எடுத்துக்கொண்டு காலனிக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

செங்கம்மாள் ரிசார்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டாள். சேலைத் தலைப்பில் அதைத் துடைத்தாள். மேடம் உட்காரவில்லை.

“உங்க பொண்ணு என்ன எழுதினா, தெரியணும்.”

“ஒரு மார்க்கு கேள்விய மட்டும் எழுதிட்டு குந்திகினு இருந்துச்சாம் எச்செம் அம்மா. பேப்பர்ல கண்ணே நிக்கலன்னுது. நீங்க கேட்டாண்ட வரல இல்ல, என் மூஞ்சிய பாக்க புடிக்காமதான் வரலன்னு நெனச்சிகிச்சி.”

“அவ மூஞ்சியைப் பாக்க எனக்கு ஏன் பிடிக்காது?”

செங்கம்மாள் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். “சாவு வூட்ல நீங்க சொன்னீங்களாம். இது மொத தபாவே எழுந்திருந்தா சாரு பொழச்சி இருப்பாருன்னு. ஒப்பாரில ஆயிரம் சொல்லுவாங்க, அதுக்கு இன்னாடின்னு நானும் எவ்ளோ எடுத்துச் சொன்னேன். கேக்க மாட்டேங்குது. அன்னிலருந்து அது தூங்கறதே இல்லம்மா. ராவெல்லாம் போன கையில வச்சிகினு குந்திகினு கீது.”

மேடம் என் பக்கம் திரும்பினார். அவருக்கு நிஜமாகவே எதுவும் ஞாபகம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“நான் அப்படியா சொன்னேன் பிரபா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உள்ளே அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சொன்னீங்க மேடம்.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜெனிஃபர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். இந்தப் பெண்ணை நான் தினமும் வகுப்பில் பார்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மேடம் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“ஜெனிஃபர், நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடு. சார் நேரம் பாத்துத்தான் கூப்பிட்டாரு. நீ மொத ரிங்ல எடுத்திருந்தாலும் அவரு ஆறு மணிக்குத்தான் கூப்பிட்டிருப்பாரு. அவரு அப்படி. உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“தெரியும் மிஸ். அம்மாவும் சொன்னாங்க.”

“அப்புறம் ஏன்டி?”

ஜெனிஃபர் தலை நிமிரவே இல்லை. “ஒண்ணு கேக்கட்டா மிஸ்?”

“கேளு.”

“அன்னிக்கு பெஞ்சுல குந்திகினு இருந்தப்ப, சாருக்கு ரொம்ப வலிச்சி இருக்குமா மிஸ்?”

என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வி அது. செங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடத்தின் முகம் கொஞ்சமும் அசையவில்லை.

“இல்லம்மா” என்றார். “வலியே இல்ல. கேஸ்னு நெனச்சி சோடா குடிச்சிட்டு, டீக்கடைக்காரரோட சிரிச்சிப் பேசிகினு இருந்தாரு. எனக்குப் போன் பண்ணப்பகூட நல்லாத்தான் பேசினாரு. எல்லாரும் எழுந்துட்டாங்களான்னு உங்களைப் பத்திதான் கேட்டாரு. என் மடியில தூங்குற மாதிரிதான் போனாரு. அவருக்கு ஒரு கஷ்டமும் தெரியாது.”

“நெஜமாவா மிஸ்?”

“உங்கிட்ட நான் எப்பனா பொய் சொல்லிகீறனா?”

அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். மேடத்தின் தோளில் விழுந்து, சின்னக் குழந்தை மாதிரி, மூச்சு வாங்க அழுதாள். அழுது முடித்தபின் மேடம் துணைத் தேர்வைப் பற்றிப் பேசினார். ஜூலையில் எழுதலாம், இந்த ஒரு பாடம்தானே, கணக்கு மிஸ் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பாங்க என்று என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்தார். ஜெனிஃபர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “எழுதறேன் மிஸ்” என்றாள். செங்கம்மாள் எங்களைச் சாப்பிடாமல் போக விடவில்லை. மீன் குழம்பு ஊற்றினாள். மேடம் ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினோம். வெயிலில் சீட்டெல்லாம் சுட்டது. எனக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. ஒரு பிள்ளையையாவது மீட்டுவிட்டார், இனி மற்றதையும் மீட்டுவிடுவார் என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன். “நீங்க திரும்பி வந்துட்டீங்க மேடம். அடுத்த வருஷம் பாருங்க” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் சிரிச்சிப் பேசினதை மணி சொன்னது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு” என்றேன். “அந்தப் பொண்ணு அதைக் கேட்டதும்தான் மனசு ஆறுச்சு.”

“அவரு மொதல்ல சோடா குடிச்சப்ப இருந்ததைத்தான் மணி உங்ககிட்ட சொன்னான்” என்றார் மேடம். “அப்புறம் நடந்ததை எங்கிட்ட மட்டும் தனியா வந்து சொன்னான்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அழுதாராம் பிரபா. வலி தாங்காம, யாரும் பாக்கக் கூடாதுன்னு டவலால மூஞ்சிய மூடிகினு அழுதாராம். போனு அவரு கையிலதான் இருந்திருக்குது, அதுல என் பேரும் வந்துதான் இருந்திருக்குது, அழுத்தல. ஆறாச்சா, ஆறாச்சான்னு மணியைக் கேட்டுகினே இருந்தாராம். நான் அந்த நேரம் எவளோ ஒருத்தி வூட்ல தண்ணி ஊத்துற சத்தத்தைக் கேட்டுகினு இருந்தேன்.”

கண்டக்டர் வந்தார். மேடம் பர்ஸைத் திறந்து இரண்டு டிக்கெட் வாங்கினார். மீதிச் சில்லறையைச் சரிபார்த்து உள்ளே போட்டார்.

“ஜெயக்குமாருக்குத் தெரிய வேணாம்” என்றார். “பசங்களுக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா, நாளைக்கு நான் கூப்பிட்டா ஒரு பிள்ளையும் போனை எடுக்காது.”